வசந்தா அறைக்குள் போகவில்லை

அலுவலகத்தில் ஆண்டறிக்கை எழுதுவது என் வேலை. எந்தப் பிரிவு என்ன செய்தது, எதற்கு எவ்வளவு செலவானது, ஒரு திட்டம் ஏன் பாதியில் நின்றது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி, மேலதிகாரி சொல்லும் திருத்தங்களைச் சேர்த்து, அச்சுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவேன். ‘இதை எழுத எனக்கு என்ன தகுதி?’ என்ற கேள்வி அங்கே ஒருநாளும் எழுந்ததில்லை. எழுதியதில் பாதியை அவர் வெட்டினாலும் என் தூக்கம் கெடாது. அதே கை, அதே கணினி, அதே தமிழ்தான். ஆனால் இரவில் ஒரு சிறுகதையைத் திறந்து இரண்டு பத்தி எழுதுவதற்குள் எவரோ முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

ஏன் இப்படி என்று நிறைய யோசித்திருக்கிறேன். அறிக்கையின் கீழ் என் பெயர் இருக்காது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அறிக்கையை யாரோ கேட்டிருக்கிறார்கள். கேட்டதை எடுத்துக் கொடுப்பதில் நமக்குச் சின்ன வயதிலிருந்தே பயிற்சி உண்டு. கதையை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத ஒன்றை, எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் செய்கிறாள் என்றால், வீட்டில் எவரும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டாலும் அவளுக்கே கூச்சமாகிவிடுகிறது. மடித்து வைக்காத துணி கண்ணில் படுகிறது. நாளைக்குச் செய்ய வேண்டியவை வரிசையாக நினைவுக்கு வருகின்றன. துணியை மடிப்பதற்குத் தகுதி வேண்டாம் பாருங்கள்.

தன்னம்பிக்கை இல்லாததால்தான் பெண்கள் எழுத முடியாமல் போகிறது என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நான் எழுதாமல் இருந்த காலங்களில் இந்தச் சந்தேகத்தால் எனக்கு அவ்வளவு சேதம் இல்லை. எழுதாதவளை அது என்ன செய்துவிடும்? எழுத உட்கார்ந்த பிறகுதான் அதன் கைவரிசை தெரிந்தது. அது என்னைத் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் வரிகளைத் திருத்தியது.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். வெளியூரிலிருந்து மகள் வசந்தா வருகிறாள். வந்தவள் அவர் இருக்கும் அறைக்குள் போகவில்லை. கதையே அவ்வளவுதான். முதல் வரைவில் அந்த இடத்தை இப்படி எழுதியிருந்தேன்:

“வசந்தா அறைக்குள் போகவில்லை. அப்பாமீது அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் அவர் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தது அவளுக்கு நினைவு வந்தது. கண்கள் கலங்கின. ஆனால் ஏனோ மனம் இடம் கொடுக்கவில்லை.”

மோசம் என்று சொல்ல முடியாது. பத்திரிகைகளில் இதைப் போல நிறைய அச்சாகியிருக்கிறது. இதை என் தோழி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். கதை எழுதுபவள் அல்ல, ஆனால் கதையை விடாமல் படிப்பவள். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தாள்: “இந்தப் பெண் யாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்?”

அதைப் படித்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஏனென்றால் மன்னிப்புக் கேட்டது வசந்தா அல்ல. அவளுக்கு அப்பாமீது கோபம், அவ்வளவுதான். நடுவில் புகுந்து, ‘இவள் கெட்டவள் இல்லை, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்’ என்று வாசகரிடம் கைகூப்பிக்கொண்டிருந்தது நான். தோளில் தூக்கியது, கண் கலங்கியது, அந்த ‘ஏனோ’, எல்லாமே அதற்காகப் போட்டவை. அவளை எழுதிய என்னையும் சேர்த்துத்தான் தப்பாக நினைத்துவிடுவார்கள் என்ற பயம்.

முதல் வரியைத் தவிர மற்றவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்தேன். அந்த வீட்டில் அவள் எங்கேதான் நிற்பாள் என்று தெரியவில்லை. பிறகு ஒருநாள் தெரிந்தது.

“வசந்தா அறைக்குள் போகவில்லை. கொல்லையில் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மோட்டாரை நிறுத்த வேண்டும். சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.”

இப்போதும் இதில் எனக்குத் திருப்தி இல்லாத இடங்கள் உண்டு. ஆனால் இது வசந்தாவின் பத்தி. என் பயத்தின் பத்தி அல்ல.

இந்த மாதிரி நேரங்களில் குறுந்தொகையின் 28ஆம் பாட்டுக்குப் போவேன். ஒளவையார் பாடியது. ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று தொடங்குகிறது. தன் துன்பம் தெரியாமல் தூங்குகிற ஊரை என்ன செய்வது என்று ஒருத்தி கொதிக்கிறாள். மோதட்டுமா, தாக்கட்டுமா, ஓவென்று கத்தட்டுமா என்கிறாள். நான் நல்லவள்தான், எனக்குக் கோபம் வர இன்ன காரணம் என்ற பீடிகை ஏதும் கிடையாது. கோபத்திலேயே தொடங்கி, ஊர் தூங்குவதில் முடிந்துவிடுகிறது. இவ்வளவு பழைய பாட்டில் இது இருக்க, நான் மட்டும் எங்கிருந்து அந்த ‘ஏனோ’வைக் கற்றுக்கொண்டேன்?

வசந்தா கதை அச்சானது. ஒரு வாரத்துக்குள் சித்தியிடமிருந்து தொலைபேசி வந்தது.

“ஏம்மா, அப்பாவைப் போய் இப்படி எழுதியிருக்கிறாயே?”

“சித்தி, அது கதை. என் அப்பா இங்கேதான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.”

“அது எனக்குத் தெரியும். படிக்கிற நாலு பேருக்குத் தெரியுமா?”

சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். பெண் எழுதினால் அது அவள் வீட்டு விஷயம் என்று வாசிப்பது அவரோடு தோன்றிய பழக்கம் அல்ல. ஓர் ஆண் கொலைகாரனைப் பற்றி எழுதினால் கற்பனை வளம் என்கிறோம். பெண் ஒரு மோசமான கணவனைப் பற்றி எழுதினால் அவளுடைய கணவரை அனுதாபத்தோடு பார்க்கிறோம். என் தயக்கத்தில் பெரும் பகுதி இங்கிருந்து வருவதுதான். எனக்கு எழுத வருமா என்ற சந்தேகம் ஒரு பங்கு. எழுதியதை என்மீதே ஒட்டிவிடுவார்கள் என்ற அச்சம் மூன்று பங்கு. இரண்டாவதைப் பல காலம் முதலாவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அந்தக் கதையைப் படித்தார். வரி விடாமல் படிப்பவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “யாராவது போய் மோட்டாரை நிறுத்தியிருக்கலாம், தண்ணீர் வீணாகிறதே” என்றார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதற்கு இணையாக இன்னொன்று இல்லை.

இந்த அச்சத்துக்குப் பழைய மருந்து புனைபெயர். ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிராண்டி இருபது வயதில் தன் கவிதைகளை அன்றைய இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேக்கு அனுப்பினார். 1837 மார்ச்சில் பதில் வந்தது. இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது, ஆகவும் கூடாது என்று அதில் எழுதியிருந்தார் சதே. திறமை இல்லை என்று சொல்லவில்லை, அது இருக்கிறது என்றுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. சார்லட் மிகப் பணிவாக நன்றி சொல்லி, தன் பெயரை அச்சில் பார்க்கும் ஆசை இனி வராது என்று நம்புவதாகப் பதில் எழுதினார். சதேயின் கடிதத்தின்மேல் ‘என்றென்றும் பாதுகாக்க வேண்டியது’ என்று குறித்து எடுத்தும் வைத்துக்கொண்டார். 1846இல் அவரும் இரண்டு தங்கைகளும் சேர்ந்து, ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர்களில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். இரண்டு பிரதிகள் விற்றன. மறுவருடம் சார்லட்டின் ‘ஜேன் அயர்’ நாவல் வந்தது, கரர் பெல் என்ற பெயரில். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் பாருங்கள், அச்சில் வந்தது அவர் பெயர் இல்லையே!

பணிவான அந்தப் பதில் கடிதத்தை நான் நம்புவதில்லை. அல்லது, நம்புகிறேன், ஆனால் முழுவதையும் அல்ல. அப்படிப்பட்ட கடிதங்களை நானும் எழுதியிருக்கிறேன்.

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1931இல் லண்டனில் வேலைக்குப் போகும் பெண்களிடையே ஓர் உரை நிகழ்த்தினார். ஓர் ஆண் எழுதிய நூலுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தபோது, ‘வீட்டுத் தேவதை’ ஒருத்தி வந்து காதில் கிசுகிசுத்தாளாம். இதமாக எழுது, அவரைப் புகழ்ந்து வை, உனக்கென்று ஒரு கருத்து இருப்பதாகக் காட்டிக்கொள்ளாதே என்றாளாம். மைக்கூட்டை எடுத்து எறிந்து அவளைக் கொன்றேன், இல்லாவிட்டால் அவள் என்னைக் கொன்றிருப்பாள் என்கிறார் வுல்ஃப். என் வரிகளைத் திருத்துகிறவளைப் பற்றி இதைவிடச் சரியாக எவரும் சொன்னதில்லை. முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. என்னிடம் வருகிறவளைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் என் அம்மாவைப் போல இருக்கிறாள், சில நாட்களில் என்னைப் போலவே இருக்கிறாள். உழைப்பாளி வேறு. எனவே அவளுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறேன். கதை முடிந்த பிறகு வந்து ஒற்றுப்பிழை பார்க்கலாம். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் அவள் பொறுப்பு. அதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் முதல் வரைவு முடியும்வரை அறைக்குள் வரக் கூடாது. சில நாட்கள் வந்துவிடுகிறாள்தான்.

நடைமுறையில் இது எப்படி நடக்கிறது என்று கேட்டால், முதல் வரைவைக் கையால் எழுதுகிறேன், பழைய அலுவலகக் காகிதங்களின் பின்பக்கத்தில். நல்ல நோட்டுப் புத்தகம் எனக்கு ஒத்துவரவில்லை. விலை கொடுத்து வாங்கிய பக்கத்தில் வீணான வரியை எழுதக் கை கூசுகிறது. கணினியிலோ, பின்னால் போய் அழித்துத் திருத்திக்கொண்டே இருக்கலாம், அதற்காகவே அவள் காத்திருக்கிறாள். காகிதத்தின் பின்பக்கம் ஏற்கெனவே குப்பைதான். அதில் என்ன எழுதினாலும் கூடுதல் நஷ்டம் இல்லை.

1978இல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். தங்கள் துறைகளில் நன்றாகச் சாதித்த பெண்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் அவர்கள் கவனித்ததில், நாம் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், ஒருநாள் குட்டு உடையும் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. அதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது, நான் தனியாள் இல்லையே. ஆனால் இன்று அதைச் சொல்லிப் பயிற்சி வகுப்பு எடுப்பவர்களைக் கேட்கும்போது பொறுமை போகிறது. கண்ணாடி முன்னால் நின்று ‘நான் தகுதியானவள்’ என்று சொல்லிக்கொள்ளச் சொல்கிறார்கள். மூலக் கட்டுரை, குடும்பம் மகளை எப்படி வளர்க்கிறது, சமூகம் அவளிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதையும் பேசுகிறது. அதெல்லாம் உதிர்ந்து, கடைசியில் இதுவும் பெண் தன்னிடம் சரிசெய்துகொள்ள வேண்டிய இன்னொரு குறையாகிவிட்டது. ஏற்கெனவே நம்மிடம் அந்தப் பட்டியல் நீளம்.

எனக்கு உண்மையில் உதவியது ஓர் ஆள். அந்தப் பென்சில் கேள்வியைப் போட்டவள். இது புதிதும் அல்ல. வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுதத் தொடங்கியபோது அவருக்குக் கையால் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதிக்கொண்டார். முதல் நாடகம் அப்படித்தான் உருவானது. பிறகு ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி, நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். அந்த நாவல்களைப் பற்றி எவ்வளவோ பேசலாம். எனக்கு அந்த முதல் நாட்கள்தான் ஓயாமல் நினைவுக்கு வருகின்றன. ஒருத்தி சொல்கிறாள், இன்னொருத்தி எழுதுகிறாள். எழுதுகிறவள் நடுவில் நிமிர்ந்து, “அப்புறம்?” என்று கேட்டிருப்பாள் அல்லவா? அந்த ஒரு சொல் காதில் விழுந்தால், யாரும் கேட்காத கதை கேட்கப்பட்ட கதையாகிவிடுகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆள் குடும்பத்தில் இருந்தால் எனக்கு வேலைக்கு ஆகவில்லை. அவர்களுக்கு என்மீது அன்பு அதிகம், அதனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார்கள், அல்லது சித்தியைப் போல நான்கு பேரை நினைத்துக் கவலைப்படுவார்கள். தோழிக்கு என்னைவிட வசந்தாவின்மீதுதான் அக்கறை. அதுவே நல்லது.

இப்போது எழுதுவது பொய் சொல்லும் ஒரு பெண்ணைப் பற்றி. தேவைக்காகச் சொல்லும் பொய் இல்லை, பொய் அவளுக்குப் பிடித்திருக்கிறது. காரணம் தர மாட்டேன் என்று முடிவு செய்து தொடங்கினேன். நேற்று பார்த்தால் எட்டாம் பக்கத்தில் அவளுக்கு ஒரு கஷ்டமான பிள்ளைப்பருவம் முளைத்திருக்கிறது. எப்போது எழுதினேன் என்றே தெரியவில்லை, கையெழுத்து என்னுடையதுதான். அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோழியிடம் கொடுக்க வேண்டும். நான் கவனிக்காத இன்னும் இரண்டையாவது அவள் பிடித்துவிடுவாள்.