ஐந்து பாலம் தாண்டி தஞ்சைக்கு: திருச்சியிலிருந்து ஒரு நாள் சைக்கிள்

வழி: சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்துக் காவிரிப் பாலம், திருவானைக்காவல், கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, தஞ்சை. ஏறக்குறைய 65 கி.மீ. சைக்கிளில் 35 மி.மீ. டயர், பின்னால் 6 கிலோ சுமை.

மேடே இல்லாத இந்த வழியில் கால்களைவிட உட்காருமிடத்துக்குத்தான் சிரமம் அதிகம். இறக்கம் வராததால் மிதிப்பதை நிறுத்தவே முடியாது. ஒரே இடத்தில் மணிக்கணக்காக எடை இறங்குகிறது. கல்லணை வருவதற்குள் உள்ளங்கை மரத்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கியரை இரண்டு பல் கனமாக்கி, எழுந்து நின்று முப்பது மிதி மிதித்தால் ரத்த ஓட்டம் திரும்பும். வலி தொடங்கிய பிறகு செய்தால் பலன் பாதிதான். முதல் பாலத்திலிருந்தே செய்ய வேண்டும்.

முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் 19 பல், மிதி நிமிடத்துக்கு 80 சுற்று: மணிக்கு 22 கி.மீ. வருகிறது. ஆடியில் மேல்காற்று முதுகைத் தள்ளும்போது 15 பல்லுக்கு இறக்கத் தோன்றும். அம்மியும் பறக்கும் காற்றுதான், ஆனாலும் கனமான கியரில் 50 கி.மீ. அழுத்தினால் மறுநாள் முழங்கால் வலி நிச்சயம். தை மாதத்தில் வாடை எதிரே வரும். அப்போது 18 கி.மீ. வேகமே போதும்.

70 கிலோ ஆளுக்குப் பின்டயரில் 60, முன்டயரில் 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் சரியாக இருந்தது. ஆற்றங்கரையில் எமன் சீமைக் கருவேல முள். பஞ்சர் ஒட்டியதும் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கினால், முறிந்த முள்நுனி டயருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். விரலால் தேடாமல் பழைய துணியை டயரின் உட்புறம் சுற்றித் தேய்க்க வேண்டும். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். சொலூஷன் தடவி ஐந்து நிமிடம் உலரவிடாமல் பேட்ச் ஒட்டினால் வெயிலில் பிரிந்துவிடும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். காய்ந்த நெல்மேல் ஏறி பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். அது ஒருவருடைய ஆண்டு உழைப்பு, சுற்றிப் போவதே முறை. வைக்கோலில் வேறு சிக்கல்: ஒரு இழை பின் கியரின் சிறு பல்சக்கரத்தில் சுற்றினால் செயின் தாவும். மிதியை உடனே நிறுத்தி, கையால் பின்னோக்கிச் சுற்றி எடுக்க வேண்டும். அழுத்தி மிதித்தால் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்து, கியர் ஆரக்கம்பிக்குள் போய்விடும்.

தண்ணீர் மணிக்கு 600 மி.லி.; ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

திருவையாற்றில் தெற்கே திரும்பியதும் பயணத்தின் சிறந்த பகுதி. கடைசி 13 கி.மீ.க்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகள். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிவது காலையில் பார்த்ததுதான். குடமுருட்டி காவிரியின் கிளை, வெட்டாறும் வடவாறும் வெண்ணாற்றின் கிளைகள். காலையில் பார்த்த அதே தண்ணீரை மாலையில் ஐந்து பெயர்களில் கடக்கிறோம். மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்திருந்தால் ஆடியில் எல்லாமே நிறைந்து ஓடும்.

இங்கே மேல்காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும். பாலத்தில் மறைப்பு இல்லாததால் பேருந்து கடந்த அடுத்த நொடி சைக்கிள் இடப்பக்கம் தள்ளப்படும்; கைப்பிடியை இறுக்காமல், ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓட்டினால் சமாளிக்கலாம். பாலத்தின் இணைப்புப் பிளவுகளை செங்கோணத்தில், எழுந்து நின்றபடி கடக்க வேண்டும். தஞ்சையின் கரந்தையில் வடவாறு தாண்டும்வரை உட்காருமிடத்துக்கு ஐந்து முறை ஓய்வு கிடைத்துவிடும்.