ஹட்டனில் தண்ணீர் 96 பாகையில் கொதித்தது

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலை தரம் 11 வரைதான். சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்திருந்தேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்க விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி வகைப் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். பக்கத்திலிருந்த 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் மட்டுமே. அதனால் ஹட்டன் டவுன். ஐந்தேகால் பஸ்ஸுக்காக அம்மா நாலு மணிக்கே எழும்பி ரொட்டி சுடுவார், பிறகு கொழுந்துக்குப் போவார்.

அந்த ஏ அங்கே போதவில்லை. அளவி, குழாயி, திருகுக் கணிச்சி போன்ற ஆய்வுகூடக் கருவிகள் எல்லாவற்றையும் அதுவரை கரும்பலகைப் படமாகத்தான் பார்த்திருந்தேன். டவுன் பிள்ளைகள் அவற்றைக் கையில் எடுத்து வாசிக்கும்போது பின்னால் நின்றேன். கேட்கக் கூச்சம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். முதல் தடவை உயிரியல் சி, இரசாயனவியல் எஸ், பௌதிகவியல் எஃப், அதாவது சித்தியில்லை.

"கார்மென்ட்ஸுக்கு அனுப்புங்க" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பலர் சொன்னார்கள். அப்பா மட்டும், "இன்னொரு தடவ எழுது புள்ள" என்றார்.

அந்த வருடம் புதிதாக வந்த பௌதிகவியல் சேர் ஒருநாள் முகவையில் தண்ணீர் கொதிக்க வைத்து, வெப்பமானியை என் கையில் தந்தார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, இரசம் 96க்கு மேல் ஏறவில்லை. வெப்பமானி பழுது என்று நினைத்தேன். சேர் இன்னொன்று தந்தார். அதுவும் 96. "ஹட்டன் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். ஏறத்தாழ 1,270 மீற்றர். இங்கே வளிமண்டல அமுக்கம் குறைவு. சூடேற ஏற நீரின் ஆவி தரும் அமுக்கம், அதாவது நிரம்பலாவியமுக்கம், அந்த அளவைத் தொட்டாலே நீர் கொதித்துவிடும், அதற்கு மேல் சூடாகாது. அம்மாவின் பருப்பு அவிய ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது அன்றுதான் விளங்கியது. நிரம்பலாவியமுக்கம் என்ற அந்த நீளமான சொல்லை ஒரு வருடம் பாடமாக்கி வைத்திருந்தேன். அது எங்கள் அடுப்பில் இருந்தது எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் தோட்டத்தில் ஒன்றைத் தேடினேன். அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை. தோட்ட நிருவாகியான துரையிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை என்னை உள்ளே கூட்டிப்போனார். வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்கி, பரப்பி வைத்த தூள் பச்சையிலிருந்து செம்பு நிறமாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை நொதித்தல் என்று சொன்னாலும் அங்கே மதுவத்துக்கு (ஈஸ்ட்டுக்கு) வேலையில்லை. கலங்கள் உடைந்ததும் இலையிலுள்ள பல்பீனோல்களை, இலையின் சொந்த நொதியமே (என்சைமே) காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்த்து ஒட்சியேற்றுகிறது. பிறகு டிரையரின் சூட்டில் நொதியம் செயலிழந்துவிடும். நொதியங்களில் வெப்பநிலையின் தாக்கம் பற்றிக் கேட்டால் இன்றும் அந்த மணம்தான் முதலில் வரும். அப்பா இருபது வருடமாக இதைக் கையால் தொட்டு, மூக்கால் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

ஆய்வுகூடத்தில் கூச்சத்தை விட்டேன். மதியம் மிஸ்ஸிடம் சாவி வாங்கி, நிறமற்ற கரைசல் ஒரு துளியில் இளஞ்சிவப்பாகும் வரை நியமிப்பை (டைட்ரேஷனை) திரும்பத் திரும்பச் செய்தேன். உயர்தர அமைப்புக் கட்டுரை வினாக்களில் நிறையச் செய்முறையை ஒட்டியே வருகின்றன. செய்து பார்த்தவருக்கு விடை கையிலிருந்தே வரும். மற்றபடி கடந்தகால வினாத்தாள்கள், நேரம் வைத்து. அதில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

இரண்டாவது தடவை பௌதிகவியலில் சி. பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடும் கைகொடுத்தது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. அதைச் சலுகை என்று யாராவது சொன்னால், பூட்டிக் கிடக்கும் எங்கள் பழைய பாடசாலையின் ஆய்வுகூடத்தைப் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

தரம் 10இல் இருக்கும் தங்கச்சி, தம்பிமாரே, எந்தப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது, முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பெறுபேறு வந்த பிறகு ஓடினால் இடம் கிடைப்பது கஷ்டம்.