எல்லாருக்கும் 120/80

நர்ஸிங் மாணவிகள் எழுதிவிட்டுப் போன பி.பி. சார்ட்டைப் பார்த்தாலே அன்றைக்குக் கல்லூரியிலிருந்து அவர்களோடு வந்த இன்ஸ்ட்ரக்டர் யார் என்று சொல்லிவிடலாம். மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சிலர் வரும் நாளில் வரிசையாக 120/80, 110/70, மறுபடி 120/80. பாதரசக் கருவியில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 2 மி.மீ. இடைவெளி. உண்மையில் அளந்திருந்தால் 126, 134, 118 என்றெல்லாம் வரும். ஸ்டெத்தில் கேட்க வேண்டிய துடிப்புச் சத்தம் மாணவியின் காதில் விழவில்லை, அதைச் சொல்லவும் பயம்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்தச் சத்தம் சட்டென்று பிடிபடாது. வார்டு இரைச்சல் இருக்கும், ஸ்டெத் இடம் மாறியிருக்கும், காற்றை வேகமாகத் திறந்துவிட்டிருப்பாள். அந்த நேரம் பார்த்து, "இதுகூடத் தெரியாமலா வார்டுக்கு வந்தே?" என்று நோயாளி முன்னாலேயே கேட்டுவிட்டால் அவ்வளவுதான். மறுநாள் அவள் வாயே திறக்க மாட்டாள், கை மட்டும் எழுதும். 90/60க்கு இறங்கிக்கொண்டிருப்பவர் சார்ட்டிலும் 120/80 என்று இருந்தால் டாக்டரைக் கூப்பிட எங்களுக்கு எப்படித் தோன்றும்?

எங்கள் வார்டுக்கு வரும் மேடம் ஒருவர் டீச்சிங் ஸ்டெத் கொண்டுவருவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கலாம். முதலில் மணிக்கட்டில் நாடியைத் தொடச் சொல்வார். காற்றடிக்கும்போது நாடி மறையும் இடத்துக்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2, 3 மி.மீ. வீதம் மெதுவாக இறக்குவார். "இப்போ கேட்குதா? இல்லையா? சரி, கொஞ்சம் விட்டு மறுபடி பார்ப்போம்" என்பார். படுத்திருப்பவரிடமும், "ஐயா, பிள்ளை இன்னொரு தடவை பார்க்கட்டுமா?" என்று கேட்பார். "தாராளமா பாக்கட்டும்மா" என்று அவரே கையை நீட்டுவார்.

இவர் ரொம்ப இளகினவர் என்று நினைத்துவிட வேண்டாம். அளக்காமல் எழுதியது தெரிந்தால் அத்தனை படுக்கைக்கும் திரும்ப அளக்க வைப்பார். திட்டுவது மட்டும் டியூட்டி ரூமில், தனியாக.

இவருடைய மாணவிகள்தான் எங்களிடம் ஓடி வருகிறார்கள். "சிஸ்டர், ஏழாம் பெட் தாத்தாவுக்கு 88தான் வருது, நீங்க ஒரு தடவை பாருங்களேன்." சந்தேகத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை நம்பி நான் நைட் டியூட்டியை ஒப்படைப்பேன்.

மற்ற இன்ஸ்ட்ரக்டர்கள் கெட்டவர்கள் இல்லை. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்கு. அந்தப் பத்துப் பேரும் நாலு வார்டில் சிதறி நிற்கும்போது, மாணவிகள் செய்த வேலையைக் குறிக்கும் லாக் புக்கில் கையெழுத்துப் போடவே ஒருவருக்கு நேரம் போதாது. ஆனால், "நாங்களும் இப்படித் திட்டு வாங்கித்தானே கற்றோம்" என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிக் கற்றவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டே போனார்கள் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கல்லூரிகளிடம் நான் கேட்பது இரண்டுதான். போஸ்டிங் போகும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு டீச்சிங் ஸ்டெத் கொடுங்கள். 'கேட்கவில்லை, சிஸ்டரிடம் சொன்னேன்' என்று எழுதுகிற மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.