கிரீஸ் கன்னை நிரப்பி முடிப்பதற்குள்

புல்லட்டுக்கு கிரீஸ் அடிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதை அடிக்கும் கைப் பம்பான கிரீஸ் கன்னுக்குள் கிரீஸை ஏற்றுவதற்குள்தான் உயிர் போய்விடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையே அதில் போனது. எரிச்சல் இன்னும் தீரவில்லை.

கன் வாங்கியது சென்னை ஜி.பி. ரோட்டில். பெட்டிக்குள் விளக்கச் சீட்டு எதுவும் இல்லை. "டப்பாவுல முக்கி, பின்னாடி கைப்பிடிய இழுங்க சார், சிரிஞ்சு மாதிரி தானா ஏறிக்கும்" என்றார் கடைக்காரர். அப்படியே செய்தேன். கம்பி வந்தது, கிரீஸ் வரவில்லை. குச்சியால் அள்ளித் திணித்தாலும் இடையிடையே காற்று நின்றுவிடுகிறது. லீவரை எவ்வளவு அடித்தாலும் நுனியில் ஒரு பொட்டுகூட எட்டிப் பார்க்கவில்லை.

கம்பியை வெளியே உருவிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதன் முனையில் கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் இருக்கிறது. பல கன்களில் இதன் விளிம்பை கார்ட்ரிட்ஜுக்கு (கிரீஸ் அடைத்தே வரும் குழல்) ஒரு பக்கமும், டப்பாவிலிருந்து உறிஞ்ச மறுபக்கமும் புரட்டி வைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது கார்ட்ரிட்ஜுக்காக வைத்திருந்தது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பதோ டப்பா கிரீஸ்! விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரப்பரைப் புரட்டிவிட்டு முக்கி இழுத்ததும் கம்பி கனத்து வந்தது. அந்தக் கனம் கையில் தெரிந்தபோது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

அப்புறமும் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும். கன்னின் தலையை ஒரு சுற்று தளர்வாக விட்டு, பூட்டியிருக்கும் கம்பியை விடுவித்து உள்ளே தள்ளுங்கள். மரை வழியாக கிரீஸ் கசிந்ததும் இறுக்கிவிடலாம். கிரீஸ் வாங்கும்போது என்எல்ஜிஐ 2 தர (கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) லித்தியம் கிரீஸாகப் பாருங்கள். மெக்கானிக் கடைகளில் அதிகம் புழங்கும் ஏபி3 கிரீஸ் இன்னும் கெட்டி. கையால் உறிஞ்சி ஏற்றுவது சிரமம்.

வண்டியில் கிரீஸ் ஏற்றும் குட்டி முனைக்குப் பெயர் நிப்பிள். ஸ்டாண்டு நிப்பிள் உடனே வாங்கிக்கொண்டது. பிரேக் பெடல் நிப்பிள் மறுத்தது. கிரீஸ் எல்லாம் வெளியே பிதுங்கியது. சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், நடுவில் இருக்கும் குட்டி குண்டு துருப்பிடித்து அசையவே இல்லை. ஊசியால் குத்தியும் பயனில்லை. கழற்றிவிட்டுப் புதிது போட்டேன். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மரை அளவு மாறினால் இன்னொரு நடை.

ஒரு எச்சரிக்கை: அடிக்கும்போது நுனியை விரலால் பொத்திப் பார்க்காதீர்கள். கைக் கன்னிலேயே அழுத்தம் சில ஆயிரம் பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) வரை போகும். கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போனால், வெளியே ஊசி குத்திய அளவுதான் தெரியும். வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

புது நிப்பிளில் நிதானமாக அடித்தேன். முதலில் கருப்பாகப் பழையது வந்தது, பிறகு புதுசு எட்டிப் பார்த்தது. அங்கே நிறுத்திவிட வேண்டும். நுனியை நேராகப் பிடுங்காமல் சற்றே சாய்த்தால் சுலபமாகக் கழன்றுவிடும். மிதித்தால் பாதியிலேயே நின்றுகொண்டிருந்த பெடல், இப்போது காலை எடுத்ததும் சட்டென்று மேலே வருகிறது.

கன்னை எடுத்து வைக்கும்போது கம்பியை இழுத்துப் பூட்டி வையுங்கள். ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருந்தால் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து அலமாரியெல்லாம் வழியும்.