தூக்கிடு

அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். மாணவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "சார், இந்த மூணு பேரும் பத்துக் கேள்விக்கும் அஞ்சு அஞ்சுன்னே போட்டிருக்காங்க. வச்சுக்கவா, தூக்கிடவா?" என்று கேட்டான். என் கையில் டீ. "தூக்கிடு" என்றேன்.

தவறில்லை என்று இப்போதும் வாதாடுவேன். நாங்கள் கொடுத்தது எஸ்யூஎஸ் படிவம்: மென்பொருள் பயன்படுத்த எளிதா என்று பயனர்களையே கேட்பது, 1986-ல் ஜான் புரூக் உருவாக்கியது. பத்து வாக்கியங்கள்; ஒன்று மென்பொருளைப் புகழும், அடுத்தது குறை சொல்லும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை போடலாம்; 5 என்றால் முழுச் சம்மதம். "பயன்படுத்த எளிது" என்பதற்கும் 5, "தேவையில்லாத சிக்கல்" என்பதற்கும் 5 என்றால், படிக்காமல் டிக் அடித்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் 5 போட்டால் மதிப்பெண் நூற்றுக்கு மிகச் சரியாக 50 வரும். அது எதையும் சொல்லாத 50. அப்படிப்பட்ட படிவங்களை ஒதுக்குவது எங்கள் துறையில் வழக்கம்தான். குழந்தைகளின் எடையைப் பதிய நாங்கள் செய்த செயலியைப் பயன்படுத்திய பன்னிரண்டு அங்கன்வாடி பணியாளர்களில் மூவரை ஒதுக்கியதும், 68 ஆக இருந்த சராசரி 74 ஆனது. 68 என்பதுதான் நடுத்தரம் என்று பொதுவாகச் சொல்லப்படும் எண். ஆகவே கட்டுரையில் எங்கள் செயலி நடுத்தரத்துக்கு மேல்.

அதற்காகத் தூக்கவில்லை. சராசரியை அப்போது நான் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது வேறு கேள்வி.

உறுத்துவது அதுவும் இல்லை. அந்த மூன்றில் ஒன்று யாருடைய படிவம் என்று எனக்குத் தெரியும். மாணவனுக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் அவருடைய மையத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தேன். எடை போடும் நாள். உத்தரத்தில் தராசு தொங்குகிறது. பையில் உட்காரவைத்த குழந்தை காலை உதறி அழுகிறது. முள் நிற்கவே மாட்டேன் என்கிறது. டீச்சர் ஒரு கையால் குழந்தையின் முதுகைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்து, "எட்டு நானூறு" என்றார். வயிற்றுப்போக்கு வந்து தேறிய பிள்ளை என்று ஆயா சொன்னார். டீச்சர் முதலில் ஒரு நீள நோட்டில் எழுதினார். பிறகு போனை எடுத்துத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். 8.9.

"எட்டு நானூறுதானே டீச்சர் சொன்னீங்க?"

"ஆமா சார். போன மாசம் எட்டு தொள்ளாயிரம். இறங்குனா இது ஒத்துக்க மாட்டேங்குது."

"ஒத்துக்கும் டீச்சர். சிவப்பு காட்டும், சூப்பர்வைசர் ஓகே பண்ணா சரியாயிடும்."

"அவங்க நாலு நாள் கழிச்சுத்தான் பாப்பாங்க. அதுவரைக்கும் என் சென்டர் சிவப்புலயே நிக்கும். ஏன் சிவப்புன்னு போன் வரும். இது எதுக்கு சார்? நோட்டுல சரியாத்தான் இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "இத எழுதிடாதீங்க சார்" என்றார்.

எழுத மாட்டேன் என்றேன்.

அந்தச் சிவப்பு என் யோசனை. முதல் வாரத்தில் 8.6 என்பது 86 என்றும், 9.2 என்பது 2.9 என்றும் வந்து விழுந்தன. போன மாதத்தைவிட 300 கிராமுக்கு மேல் குறைந்தால் நிறுத்தச் சொல்லி நான்தான் பசங்களிடம் சொன்னேன். கட்டுரையில் அதற்குக் கௌரவமான பெயரும் கொடுத்தோம்: பயனர் பிழைத் தடுப்பு. மென்பொருளின் தரத்துக்கென 2011-ல் வந்த ஐஎஸ்ஓ 25010 தரநிலையில், பயன்பாட்டு எளிமையின் கீழ் அப்படி ஒரு தலைப்பு இருக்கிறது. குழந்தையின் எடை இறங்குகிறதா என்று பார்க்கத்தான் மாதாமாதம் எடையே போடுகிறார்கள். நாங்கள் தடுத்தது அதைத்தான்.

ஆண்டுதோறும் வகுப்பில் தெராக்-25 நடத்துகிறேன்; புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் எந்திரம் அது. 1985 முதல் 1987 வரை ஆறு விபத்துகள், அளவுக்கு மீறிய கதிர்வீச்சு. திரையில் புரியாத பிழைச் செய்தி அடிக்கடி வந்து வந்து, 'பி' விசையைத் தட்டித் தொடர்வதே இயக்குபவர்களுக்குப் பழகிப்போனது. "ஆளைக் குறை சொல்லாதீங்க, எந்திரம் அவங்களுக்கு எதைப் பழக்குச்சுன்னு பாருங்க" என்று கரும்பலகை முன்னால் நின்று நன்றாகவே பேசுவேன். டீச்சர் 8.9 தட்டியதைப் பார்த்தபோது அந்த வகுப்பு எனக்கு நினைவுக்கு வரவில்லை. நேரமாகிவிட்டது, அடுத்த மையத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் நினைவில் இருந்தது.

கிளம்பும்போதுதான் படிவத்தைக் கொடுத்தேன். "அஞ்சுதானே சார் பெருசு? அப்ப அஞ்சே போட்டுடுறேன், உங்க பசங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க" என்றார். இதை எந்தக் கட்டத்தில் குறிப்பது? படிக்காமல் போட்டார் என்று மாணவன் சொன்னபோது, இல்லை, யோசித்துத்தான் போட்டார் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டிவரும்.

வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது உண்மை. பன்னிரண்டே மையங்கள், பெயர் இல்லாமல் எழுதினாலும் யாரென்று சூப்பர்வைசருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குழந்தையையும் அவர் விட்டுவிடவில்லை. என் கண் முன்னாலேயே தாயைக் கூப்பிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லி, சத்துமாவு கொடுத்து அனுப்பினார். அப்புறம் என்ன? இந்த இடம் வரை எனக்கு நானே நன்றாகத்தான் வாதாடுகிறேன். ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்காமல் அந்த 300 கிராம் நிபந்தனையை மட்டும் எடுத்திருக்கலாமே. ஒரே ஒரு வரி நிரல். மார்ச்சில் நிதி முடிந்தது, பையன் வேலைக்குப் போய்விட்டான், போன்களைத் திரும்ப வாங்கிவிட்டோம். எடுக்கவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி அந்தத் தரவைக் கேட்டார். குழந்தைகளின் எடை இறங்கப்போவதை முன்கூட்டியே கணிக்கும் நிரல் எழுத வேண்டுமாம். மாதிரிக்கு அனுப்பியிருந்த ஐம்பது வரிகளைப் பார்த்துவிட்டு, "எடை குறைஞ்ச மாசமே ரொம்பக் கம்மியா இருக்கே சார், நல்லா வேலை செஞ்சிருக்காங்க போல" என்றார்.

நீள நோட்டு இன்னும் டீச்சரிடம் இருக்கும். போய்க் கேட்கலாம். எதற்கு என்று அவர் கேட்பார்.

மாணவியிடம், "ஊருக்குப் போறேன்மா, வந்ததும் முழு ஃபைலையும் அனுப்புறேன்" என்றேன். எந்த ஊருக்கும் போகவில்லை.