வெளிவண்டி

கிருஷ்ணகிரியில் சேலம் ரோடும் சென்னை ரோடும் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, லோடுக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிற ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் 21 வருடம் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44-ம் எண் சாலையும், டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு வழியாகச் சென்னை போகும் 48-ம் எண் சாலையும் சந்திக்கிற ஊர் இது. எந்த மாநிலத்து நம்பர் பிளேட்டும் ஒரு நாள் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும். அண்டை நாட்டு லாரிகளை நம் ரோட்டில் விடலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது. இதே சண்டையைச் சின்ன அளவில் நாங்கள் எப்போதோ போட்டுவிட்டோம்.

மாங்காய் சீசனில் நடந்தது. மே, ஜூனில் இங்கே கூழ் ஆலைகள் ராப்பகலாக ஓடும். பெங்களூரா மாங்காய் உள்ளே போய், டிரம் டிரம்மாகக் கூழ் வெளியே வரும். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற லோடு. உள்ளூர் வண்டிக்காரர்கள் வருடம் முழுக்கக் காத்திருப்பது இந்த வாடகைக்குத்தான். அந்த நேரம் பார்த்து ராஜஸ்தானிலிருந்து மார்பிள் ஏற்றி வந்த ஒரு டாரஸ் லாரி, ஓசூரில் லோடு இறக்கிவிட்டு எங்களிடம் வந்தது. காலியாகப் போவதற்குப் பதில் டீசல் காசு வந்தால் போதும், சென்னை போய்விட்டால் வடக்கே லோடு பிடித்துக்கொள்வேன் என்றார் டிரைவர். நம் வண்டி ஓனர்கள் நாலு பேர் அன்று மாலையே வந்துவிட்டார்கள். "அண்ணா, அந்த வண்டிக்கு லோடு போட்டீங்கன்னா எங்க வண்டி எதுவும் இனி உங்க ஆபீசுக்கு வராது." அவர்கள் எல்லோருக்கும் மாதத் தவணை இருந்தது. அதனால் நான் போடவில்லை.

மூன்று நாள் அந்த வண்டி பின்பக்கம் நின்றது. டிரைவர் டூல் பாக்ஸிலிருந்து ஸ்டவ்வை எடுத்து, டயர் நிழலில் உட்கார்ந்து, தட்டைக் கவிழ்த்து அதன்மேல் ரொட்டி தேய்ப்பார். இரண்டாம் நாள் கிளீனர் பையனுக்குக் காய்ச்சல். நான்காவது நாள் காலை, லோடு கொடுக்கிற பார்ட்டியின் ஆள் போன் செய்தார். "உங்க வாசல்ல ஒரு வடக்கத்தி வண்டி நிக்குதாமே, டீசல் காசுக்கே போறானாமே. உங்க ஆளுங்களையும் அந்த ரேட்டுக்கு வரச் சொல்லுங்க." அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த டிரைவர் யார் பிழைப்பையும் கெடுக்கவில்லை. அவர் பசியைக் காட்டி எங்கள் வாடகையைக் குறைக்கப் பார்த்தது லோடு கொடுத்தவர். ஓனர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்: உங்களுக்கு என்ன வாடகையோ அதே வாடகைக்கு அவருக்கும் ஒரு லோடு, ஒரு ரூபாய் குறையாமல். கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். அப்புறம் சரி என்றார்கள். பார்ட்டி கோபித்துக்கொண்டு அந்த சீசனில் பாதி லோடை வேறு ஆபீஸுக்குக் கொடுத்தது. எனக்கு வருத்தமில்லை.

அமெரிக்காவும் மெக்சிகோவும் இதே சண்டையை இருபது வருடம் போட்டன. 1994-ல் நடைமுறைக்கு வந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தப்படி 1995 டிசம்பரிலேயே எல்லை மாநிலங்களுக்குள் மெக்சிகோ லாரிகளை விட்டிருக்க வேண்டும். பாதுகாப்பு இல்லை என்று சொல்லி அமெரிக்கா நிறுத்திவைத்தது. சோதனைக்காகக் கொஞ்சம் மெக்சிகோ லாரிகளை விட்டிருந்த திட்டத்தையும் 2009-ல் நிறுத்தியதும் மெக்சிகோ பதிலுக்கு அமெரிக்கப் பொருள்கள் மேல் வரி போட்டது. 2011-ல் மறுபடி சோதனை ஓட்டம், 2015-ல்தான் கதவு முறையாகத் திறந்தது. அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு: வெளிநாட்டு வண்டி கொண்டுவந்ததை இறக்கலாம், தன் நாட்டுக்குத் திரும்ப ஏற்றலாம், உள்ளூரில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு லோடு எடுக்கக் கூடாது. வங்கதேசம், பூட்டான், நேபாளத்தோடு இந்தியா 2015 ஜூன் 15 அன்று திம்புவில் போட்ட வாகன ஒப்பந்தத்திலும் இதே தடை இருக்கிறது. எல்லா ஊரிலும் சண்டை கடைசியில் ரிட்டர்ன் லோடில், அதாவது திரும்பும் வழியில் ஏற்றுகிற சரக்கில், வந்து நிற்கிறது. பூட்டான் நாடாளுமன்றத்தின் மேலவை அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரவே இல்லை. அவர்களுக்கு நாம்தான் வெளிவண்டி.

பாதுகாப்பு என்ற பேச்சை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் எத்தனை வண்டிகள் கவிழ்ந்து கிடக்கப் பார்த்திருக்கிறேன். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. கியரிலேயே இறங்கு என்று நம் பையன்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. அந்த இறக்கம் நம்பர் பிளேட் பார்ப்பதில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்று அதில் இருந்தது. அந்தக் கணக்குப்படி ஓடிய ஒரு வண்டியைக்கூட நான் அனுப்பியதில்லை. வெளிநாட்டு டிரைவருக்கு என்ன விதி என்று கேட்பதற்கு முன்னால் நம் டிரைவருக்கு அந்த விதி கிடைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), ஒரே வேலை நேரம், ஒரே வாடகை என்றால் தாராளமாக வரட்டும். அது இல்லாமல் வந்தால் தொங்கிப்போகிற முகம் டிரைவருடையதுதான், எந்த நாட்டுக்காரராக இருந்தாலும்.

காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன் சேலத்தில் நூல் லோடு ஏற்றிக்கொண்டு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி மேற்கு வங்கத்தில் வங்கதேசத்தை ஒட்டிய பெட்ராபோல் எல்லைக்குப் போனான். அங்கே வரிசையில் 14 நாள். இந்தி அரைகுறை, வங்காளி சுத்தமாகத் தெரியாது. வண்டியை விட்டுக் குளிக்கப் போகவும் பயம், தார்ப்பாயை அறுத்துவிடுவார்கள் என்று. தினமும் ராத்திரி போன் செய்வான். "அண்ணா, இன்னைக்கு எட்டு வண்டி நகந்துச்சு." ஒருநாள் அவன் மனைவி ஆபீஸுக்கே வந்து, கைக்குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்து, "எப்பங்கண்ணா வருவாரு?" என்று கேட்டது. என்னிடம் பதில் இல்லை.

அந்த 14 நாள் வண்டி காத்துக் கிடந்ததற்கான ஹால்டிங் காசுக்காகப் பார்ட்டியிடம் இரண்டு மாதம் அலைந்தேன். பாதிதான் வந்தது. அதைக் கொண்டுபோய் அவன் வீட்டில் கொடுத்தபோது அவன் மறுபடியும் லோடோடு வடக்கே போயிருந்தான்.