13 எழுத்துக் கட்சி

டோக்கியோவில் நான் பார்த்த வேலையைச் சொன்னால் ஊரில் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஜப்பானிய நாளிதழ்களின் அரசியல் செய்திகளைக் காலை ஒன்பது மணிக்குள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கமாகச் சுருக்கி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அதோடு ஒரு எக்செல் கோப்பும் என் தலையில் விழுந்தது. கட்சிகளின் ஜப்பானியப் பெயர், ஆங்கிலப் பெயர், தலைவர், இரு அவைகளிலும் எத்தனை பேர் என்று வரிசையாக இருக்கும். யாராவது கட்சி மாறினால் அன்றே திருத்த வேண்டும். வருஷக்கணக்கில் கையே வைக்காத வரிகளும் அதில் உண்டு. ஒரே ஒரு வரிதான் என் உயிரை வாங்கியது.

2010 ஏப்ரலில் அந்த வரி 'தாச்சியாகரே நிப்பான்' என்ற பெயரில் ஆரம்பித்தது. 'எழுந்து நில், ஜப்பான்' என்று பொருள். ஹிரனுமா தாக்கேயோ, யோசானோ கவோரு முதலான ஐந்து எம்.பி.க்கள் தொடங்கிய கட்சி. பெயர் சூட்டியவர் அப்போதைய டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ. ஐவரின் சராசரி வயது எழுபதை நெருங்கியது. எழுந்து நிற்கவே கைத்தடி வேண்டுமே என்று அலுவலகத்தில் சிரித்தோம். 2012 நவம்பரில் இஷிஹாரா ஆளுநர் பதவியை விட்டுவிட்டு வந்து சேர, கட்சி 'சூரியக் கட்சி' ஆனது. சரி, புதுப் பெயரைப் போட்டு, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று பேசி முடிப்பதற்குள் நான்கே நாளில் அதுவும் போயிற்று. ஒசாகாவின் ஹாஷிமோதோ தோருவுடைய மறுமலர்ச்சிக் கட்சியில் கரைந்துவிட்டார்கள். அடுத்த மாதத் தேர்தலில் அந்தக் கூட்டுக்கு 54 இடம்.

அந்தக் கல்யாணமும் நிலைக்கவில்லை. ஹாஷிமோதோவுக்கு வேறொரு சிறு கட்சியோடு இணைய ஆசை. இஷிஹாராவுக்கோ அமெரிக்கர் எழுதிக் கொடுத்த அரசியல் சாசனத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தமாக எழுத வேண்டும்; அதை ஏற்காதவர்களோடு குடித்தனம் நடத்த முடியாது. 2014 ஆகஸ்டில் பிரிந்து வந்தவர்கள் வைத்த பெயர் 'ஜிசெதாய் நோ தோ', அடுத்த தலைமுறைக் கட்சி. கீழவையில் சுமார் 20 பேர். இஷிஹாராவுக்கு அடுத்த மாதம் 82 வயது.

அந்த வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி தேர்தல். முந்தின நாள் அனுப்பும் சுருக்கத்தில் சிறு கட்சிகள் பற்றிய பத்தி என் பொறுப்பு. இந்தக் கட்சி எல்லாரையும் ஆச்சரியப்படுத்தக்கூடும் என்று எழுதினேன். ஆதாரம் இல்லாமல் இல்லை. இவர்கள் நிறுத்தியிருந்த முன்னாள் விமானப்படைத் தளபதி தாமோகாமி தோஷியோ, பிப்ரவரியில் நடந்த டோக்கியோ ஆளுநர் தேர்தலில் ஆறு லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியிருந்தார். இணையத்தில் இவர்கள் சத்தம்தான் பெரிய சத்தம். பிரச்சாரத்துக்கென்று ஒரு பன்றிப் பாட்டுகூட இருந்தது. 'தபூ' என்றால் பேசக்கூடாத விஷயம். அதைத் திருப்பிப் போட்டால் 'பூதா', அதாவது பன்றி. வெளிநாட்டவருக்குப் போகும் அரசு உதவித்தொகை பற்றியெல்லாம் அந்தப் பாட்டு குத்திப் பேசியது. வெளிநாட்டவனான நான் அதை உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். வேலை என்றால் வேலை.

எங்கள் மூத்த ஆசிரியர் அந்தப் பத்தியை வெட்டவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

"நீங்கள் இங்கே வாக்குச் சாவடிக்குள் போனதில்லை அல்லவா?" என்றார்.

குடியுரிமை இல்லாதவன் எப்படிப் போவேன்? அவரே விளக்கினார். ஜப்பானில் சின்னத்தில் முத்திரை குத்துவதோ பொத்தானை அழுத்துவதோ கிடையாது. ஒரு சீட்டில் வேட்பாளர் பெயரை, இன்னொரு சீட்டில் கட்சியின் பெயரைக் கையால் எழுத வேண்டும். மறைவில் ஒரு பென்சில் இருக்கும். சீட்டைத் தொட்டால் சாதாரணக் காகிதம் மாதிரி இருக்காது, ஒரு வழவழப்பு. மடித்துப் பெட்டிக்குள் போட்டால் உள்ளே போய்த் தானாக விரிந்துகொள்ளும், எண்ணுகிறவர்கள் பிரிக்க வேண்டியதில்லை. "இணையத்தில் கத்துகிறவர்கள் இருக்கட்டும். அந்தப் பென்சிலை எடுத்து இந்தப் பெயரை எழுதப் போகிறவர் யார்? எனக்கு ஒரே ஒருவரைக் காட்டுங்கள்" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பத்தி அப்படியே போயிற்று.

ஞாயிறு இரவு, கடையில் வாங்கிய சோற்று உருண்டையோடு எல்லாரும் அலுவலகத்தில் தொலைக்காட்சி முன்னால் இருந்தோம். வாக்குப்பதிவு எட்டு மணிக்கு முடியும். எட்டு அடித்த நொடியே பொதுத்துறைத் தொலைக்காட்சியான என்.எச்.கே. கணிப்பைப் போட்டுவிடும். அப்புறம் கட்சித் தலைமையகங்களைக் காட்டுவார்கள். அங்கே பலகையில் எழுதியிருக்கும் வேட்பாளர் பெயர்களில் ஜெயித்தவர் பெயருக்கு மேல் சிவப்புக் காகித ரோஜாவைக் குத்துவது வழக்கம். இந்தக் கட்சிக்கு விடிவதற்குள் வந்த பூ இரண்டே இரண்டு. ஒகாயாமாவில் ஹிரனுமா, குமாமோதோவில் சோனோதா ஹிரோயுகி. கட்சிக்கு விழும் வாக்கின் அளவுக்கு இடம் தரும் டோக்கியோ விகிதாசாரப் பட்டியலில் தன்னைத் தானே கடைசியில் வைத்துக்கொண்ட இஷிஹாரா தோற்று, ஓரிரு நாளில் அரசியலை விட்டே விலகினார். தாமோகாமிக்குத் தொகுதியில் நான்காவது இடம்.

திங்கட்கிழமை காலை ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல்: ஆச்சரியம் எங்கே என்று கேட்டிருந்தார். நியாயம்தான்.

நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் பேர், 2.65 சதவீதம், அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதத்தான் செய்தார்கள். குறைவென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜெயித்த இருவரையும் கட்சி ஜெயிக்க வைக்கவில்லை. தொகுதியில் கோயென்காய் என்கிற சொந்த ஆதரவாளர் சங்கம் அவர்களுக்கு உண்டு. அங்கே எழுதப்பட்டது மனிதர் பெயர், எந்தக் கட்சியில் நின்றிருந்தாலும் எழுதியிருப்பார்கள். அதே இரவில் கம்யூனிஸ்ட் கட்சி 8-லிருந்து 21-க்கு ஏறியது. தெருத் தெருவாகத் தங்கள் பத்திரிகையைக் கொண்டுபோய்ப் போடும் ஆட்கள் அவர்களிடம் இருந்தார்கள். இவர்களிடம் காணொளி இருந்தது. போதாததற்கு இவர்கள் பேசிய சாசனத் திருத்தம், தேசப்பற்று எல்லாவற்றையும் பிரதமர் அபே ஆட்சியில் உட்கார்ந்துகொண்டே பேசினார். வலதுசாரி வாக்காளர் அசல் கடையை விட்டுப் பக்கத்துச் சின்னக் கடைக்கு எதற்கு வருவார்?

2015-இல் ஹிரனுமாவும் சோனோதாவும் பழைய வீடான, அபேயின் லிபரல் டெமாக்ரடிக் கட்சிக்கே திரும்பினார்கள். உஸ்பெகிஸ்தானில் தூதராக இருந்த நாகயாமா க்யோகோ தலைவரானார். அந்த டிசம்பரில்தான் எனக்குப் பெரிய அடி: கட்சியின் பெயர் 'நிப்பான் நோ கொகொரோ ஓ தாய்செத்சு நி சுரு தோ' என்று மாறியது. ஜப்பானிய எழுத்தில் 13 எழுத்து! ஜப்பானின் உள்ளத்தைப் போற்றும் கட்சி. கொகொரோவுக்கு நம் 'நெஞ்சம்' பளிச்சென்று பொருந்தும். ஆனால் எனக்குச் சம்பளம் ஆங்கிலத்துக்கு. ஆங்கிலத்தில் கட்சியே அந்தச் சொல்லைத் தொடாமல் 'கொகொரோ' என்றே விட்டுவிட்டது. தினமும் 13 எழுத்தை அடிக்க முடியாமல், 'நி' என்று ஒரு எழுத்தைத் தட்டினால் முழுப் பெயரும் வருகிற மாதிரி என் கணினியில் சேமித்துக்கொண்டேன். பென்சிலோடு நிற்கிற வாக்காளருக்கு அந்த வசதி இல்லை. 2016 மேலவைத் தேர்தலில் சுமார் 7 லட்சத்து 34 ஆயிரம் வாக்கு, ஒரு இடமும் இல்லை. பிறகு பெயரை 'நிப்பான் நோ கொகொரோ' என்று சுருக்கினார்கள்.

2017 செப்டம்பரில் தலைவரே கணவரோடு டோக்கியோ ஆளுநர் கொய்கே யூரிகோவின் புதுக் கட்சிக்குப் போய்விட்டார். அடுத்த மாதம் புயல் மழைக்கு நடுவே நடந்த தேர்தலில் விழுந்தது 85,552 வாக்கு, 0.15 சதவீதம். இங்கே சட்டப்படி கட்சி என்ற தகுதிக்கு ஐந்து எம்.பி.க்கள் வேண்டும்; அல்லது ஒரு எம்.பி.யும் இரண்டு சதவீத வாக்கும். தகுதி போனால் அரசு மானியமும் போகும். புதுத் தலைவர் நாகனோ மசாஷி மேலவையில் ஒற்றை ஆளாக நின்றார். 2018 நவம்பரில் அவரும் லிபரல் டெமாக்ரடிக் கட்சியில் சேர்ந்தார். அவர் பெயரை அங்கே மாற்றிவிட்டு, அந்த வரியை வெட்டி 'முடிந்தவை' என்ற தாளில் ஒட்டினேன். இரண்டு நிமிஷ வேலை.

2023 அக்டோபரில், மூத்த ஆசிரியர் ஓய்வுபெற்றுப் போயிருந்த சமயம், எழுத்தாளர் ஹ்யாகுதா நாவோகி 'நிப்பான் ஹோஷுதோ' என்ற பழமைவாதக் கட்சியைத் தொடங்கினார். பெயருக்கு ஒரு வரி போட எண்ணி 'நி' என்று தட்டினேன். பழைய 13 எழுத்தும் ஒரே மூச்சில் வந்து உட்கார்ந்தன. கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து, 'நிப்பான்' என்ற முதல் இரண்டு எழுத்தை மட்டும் விட்டுவைத்தேன். புதுக் கட்சியும் அதே இரண்டில்தான் தொடங்குகிறது.